ஒரு பக்கமும் விடுபடாமல்: பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் பணியில் தரம் காப்பது எப்படி

117-ஆம் பக்கத்துக்கு அடுத்த படத்தில் 120 என்று இருந்தது. நடுவில் இரண்டு பக்கங்களைக் காணோம்.

ராமேஸ்வரம் தீவில் ஒரு மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு அது. படங்கள் பளிச்சென்று இருந்தன. எழுத்துத் தெளிவு, நிறம் எல்லாம் சரி. எங்கள் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய பதிவேடு. திருப்பியும் கொடுத்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து ஒரு பெரியம்மா தேடி வந்தார். அவருடைய அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் வீடும் பெட்டியும் அதிலிருந்த காகிதமும் கடலோடு போயின. அப்பா பெயர் எழுத்தில் எங்காவது இருக்குமென்றால் அது இந்தப் பதிவேட்டில்தான். நாங்கள் கணினியில் தேடி "இல்லைம்மா" என்றோம். "தம்பி, நல்லாப் பாருங்க, அந்த வருசந்தான்" என்று அவர் நகரவே இல்லை. கோயிலுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உப்புக்காற்றின் ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆபரேட்டர் இரண்டையும் ஒரே தாளாகப் புரட்டியிருக்கிறார். 118-ம் 119-ம் முகத்தோடு முகம் ஒட்டி உள்ளே மறைந்திருந்தன. அப்பா பெயர் 119-ல் மூன்றாவது வரியில் இருந்தது.

மங்கலான படத்தை யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எடுக்காத படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. நான் இந்த வேலையில் கற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, குடும்பப் பத்திரக் கட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று எதை ஸ்கேன் செய்யப் போகிறவர்களுக்கும் கீழே உள்ள வரிசை உதவும். பத்துப் பதினைந்தாயிரம் பக்கம் உள்ள சிறிய பணியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: எது பிழை என்று எழுதி வையுங்கள்

"நல்லா வரணும்" என்று சொல்லி வேலையைத் தொடங்கினால் ஆளுக்கு ஒரு நல்லது வரும். ஒரே ஒரு தாளில், வேலை தொடங்கும் முன், பிழைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். பக்கம் விடுபடுவது, எழுத்து படிக்க முடியாமல் போவது, ஓரம் வெட்டுப்பட்டு எழுத்து இழப்பது, ஒரு பதிவேட்டின் படம் இன்னொன்றின் பெயரில் சேர்வது ஆகியவை பெரும்பிழை, ஒன்றுகூடக் கூடாது. சாய்வு, விரல் நிழல், நிற வேறுபாடு போன்றவை நடுத்தரம், அளவுக்குள் இருக்கலாம். ஓரத்தில் ஒரு தூசி சிறுபிழை, குறித்துவிட்டுப் போகலாம்.

அளவுகளையும் அதே தாளில் எழுதுங்கள். தெளிவான எழுத்துக்கு 300 பிபிஐ (ஓர் அங்குலத்தில் இத்தனை பிக்சல் என்ற அளவு) போதும். பென்சில் குறிப்பு, பொடி எழுத்து, மங்கிய மை இருந்தால் 400. 24 பிட் நிறத்தில், அதாவது முழு வண்ணத்தில், சுருக்கம் இல்லாத டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். ஏ4 அளவுத் தாள் 300 பிபிஐயில் சுமார் 26 எம்பி, 400-ல் சுமார் 46 எம்பி வரும். பத்தாயிரம் பக்கம் 400-ல் எடுத்தால் ஏறக்குறைய 460 ஜிபி. இந்தக் கணக்கை முதலிலேயே போடாதவர்கள் பாதி வேலையில் ஹார்ட் டிஸ்க் நிறைந்து, மீதியைத் தரம் குறைத்துச் சுருக்கும் ஜேபெக்கில் (JPEG) எடுப்பார்கள். ஒரே தொகுப்பில் இரண்டு தரம் வந்துவிடும்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சிறிதாகும் என்று சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய பதிவேட்டில் சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருப்பார்கள். ஓரத்தில் பென்சிலில் "இறந்துவிட்டார்" என்று எழுதியிருப்பார்கள். கறுப்பு வெள்ளை அந்தச் சிவப்பைக் கறுப்பாக்கும், பென்சிலை இல்லாமலே ஆக்கும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 2013-ல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியக் கணினி ஆய்வாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாளில் 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒன்றைப் போல ஒன்று இருக்கும் உருவங்களை ஒரே உருவமாக எண்ணி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டது. படத்தில் மங்கல் இல்லை, கறை இல்லை. எண் மட்டும் வேறு. சர்வே எண் உள்ள பதிவேட்டில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஸ்கேனரைத் தொடும் முன் எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த நேரத்தில் கால் பங்கை இதற்கே கொடுக்கலாம்.

பதிவேட்டை மேசையில் வைத்து, அட்டையிலிருந்து தாள் தாளாகப் புரட்டுங்கள். அச்சிட்ட பக்க எண்ணை நம்ப வேண்டாம். அதிலேயே விடுபடலும் இரட்டிப்பும் இருக்கும். சொந்தக்காரரின் அனுமதி வாங்கி, மென்மையான பென்சிலால் ஒவ்வொரு தாளின் மேல் ஓரத்திலும் சிறிதாக எண் போடுங்கள். வெற்றுத் தாளுக்கும் எண் உண்டு. நடுவில் செருகிய துண்டுச் சீட்டு, ரசீது, அஞ்சலட்டை எல்லாவற்றுக்கும் தனி எண், எந்தத் தாளுக்கு அடுத்து இருந்தது என்ற குறிப்போடு. கடைசியில் ஒரு வரி: தாள் இத்தனை, துண்டு இத்தனை, வரவேண்டிய படம் இத்தனை. எண்ணியவர் ஒருவர் என்றால் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வேறொருவராக இருக்கட்டும்.

ஒட்டிய தாள்கள் இந்த நேரத்தில்தான் அகப்படும். விரலுக்கும் கட்டை விரலுக்கும் இடையில் தாளைப் பிடித்தால் கனம் சொல்லிவிடும். பிரிக்க வேண்டுமென்றால் மழமழப்பாகச் சீவிய மூங்கில் சீவலை, எழுத்தில்லாத ஓரத்திலிருந்து மெதுவாகச் செருகுங்கள். தண்ணீர் தடவுவது, ஆவி காட்டுவது கூடவே கூடாது, மை கசியும். பிரிய மறுத்தால் விட்டுவிட்டு, "பிரியாத தாள், எண் இன்னது" என்று குறித்து, காகிதப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிறகு ராமபாணம். நம் ஊர்ப் பதிவேடுகளில் ராமபாணப் பூச்சி துளைக்காத கட்டு அரிது. துளையுள்ள தாளை அப்படியே ஸ்கேன் செய்தால் துளை வழியாக அடுத்த தாளின் எழுத்து தெரியும். ஒரு பத்திரத்தில் "ரூ 5" என்ற இடத்துக்குப் பக்கத்தில் துளை, துளைக்குள் கீழ்த்தாளின் ஒரு சுழியம். படத்தில் அது "ரூ 50" என்றே படிந்திருந்தது. நான் இரண்டு முறை பார்த்தும் 50 என்றே படித்தேன். துளையுள்ள ஒவ்வொரு தாளுக்கும் அடியில் சாம்பல் நிற வெற்றுத் தாள் ஒன்றை வைத்து எடுங்கள். துளை துளையாகவே தெரிய வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளில் அரபுத்தமிழில் எழுதிய ஏடுகளும் கணக்குகளும் இருக்கின்றன. அவை வலப்பக்கம் திறப்பவை. தமிழ் நோட்டுபோல எண்ணிடத் தொடங்கினால் முதல் பக்கம் கடைசியாகும், மொத்த வரிசையும் தலைகீழ். எந்தப் பக்கம் திறப்பது என்பதை எண்ணும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். அந்த எழுத்து படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை அரை நாளாவது பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மூன்றாம் படி: தினமும் காலையில் இயந்திரத்தைச் சோதியுங்கள்

நிறக்கட்டங்கள் உள்ள அட்டையையும் ஒரு அடிக்கோலையும் சேர்த்து, அன்றைய முதல் படமாக எடுங்கள். படம் பார்க்கும் மென்பொருளில் அடிக்கோலின் 10 செ.மீ. நீளத்தை அளந்து பாருங்கள். 300 பிபிஐ என்றால் 1181 பிக்சல், 400 என்றால் 1575 வர வேண்டும். வரவில்லை என்றால் கோப்பில் எழுதியிருக்கும் பிபிஐ வெறும் பேச்சு. நிறக்கட்டங்களை நேற்றைய படத்தோடு ஒப்பிடுங்கள். படத் தரத்தை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 19264-1 என்ற தரநிலை இருக்கிறது. அதற்கான கருவி வாங்க முடியாதவர்களுக்கு இந்த அட்டையும் அடிக்கோலும் பெருமளவு கைகொடுக்கும்.

கடற்கரையில் இன்னொரு வேலையும் சேர்கிறது. ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டு வந்தால் லென்சில் ஆவி படியும். ஸ்கேனர் கண்ணாடியில் உப்புப் படலம் படியும். கண்ணுக்குத் தெரியாது, படம் மட்டும் வெளிறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பஞ்சோ நூலோ உதிராத துணியால் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பதிவேடுகளை ஊர் விட்டு ஊர் தூக்கிப் போகாதீர்கள்; முடிந்தால் அந்த மாதங்களில் அட்டவணை (பதிவேட்டிலுள்ள பெயர், எண், தேதியைத் தட்டச்சு செய்து தேட உதவும் பட்டியல்) தயாரிப்பை வைத்துக்கொண்டு, ஸ்கேனைத் தை பிறந்த பிறகு வையுங்கள். தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் பழைய தாளைப் போடவே போடாதீர்கள். கிழிவது ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு தாளைச் சேர்த்து இழுத்தால் என் 118, 119 கதைதான்.

இன்வெர்ட்டர் அவசியம். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். பெயர் இருக்கும், படம் திறக்காது.

நான்காம் படி: பெயர்

தொகுப்பு எண், பதிவேட்டு எண், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா. இடையில் கோடு போடுங்கள், இடைவெளி விட வேண்டாம். தாள் எண்ணை 0001 என்று நான்கு இலக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் 10-க்குப் பிறகு 2 வரும். கோப்புப் பெயரில் ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ வேண்டாம். அதற்கு அட்டவணை இருக்கிறது.

ஐந்தாம் படி: சோதனை

இரண்டு சோதனைகள். ஒன்றை இயந்திரம் செய்யும், அதுவும் எல்லாப் படங்களுக்கும்: கோப்பு திறக்கிறதா, அளவு அசாதாரணமாகச் சிறியதா, பிபிஐ சரியா, எண்வரிசையில் இடைவெளி உண்டா, எண்ணும் சீட்டில் உள்ள மொத்தமும் படங்களின் மொத்தமும் ஒன்றா. கடைசிக் கேள்விக்கு மாதிரி எடுக்கும் பேச்சே இல்லை. ஒரு படம் குறைந்தாலும் அந்தப் பதிவேடு திரும்ப மேசைக்கு வர வேண்டும்.

மற்றொன்று கண். எல்லாப் படத்தையும் கண்ணால் பார்க்க ஆள் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் மாதிரி. எத்தனை மாதிரி பார்ப்பது, எத்தனை பிழை வரை ஏற்பது என்று சொல்லும், தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணை இதற்கும் பொருந்தும். 5,000 படங்கள் கொண்ட ஒரு தொகுதிக்கு, சாதாரணச் சோதனை நிலையில் 200 படங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கத்தக்க அளவு 1 சதவீதம் என்று வைத்தால், 5 பிழை வரை தொகுதி தேறும், 6 என்றால் தேறாது. நடுத்தரப் பிழைக்கு இது நியாயமான அளவு. 'எழுத்து படிக்க முடியவில்லை' என்பது போன்ற பெரும்பிழைக்கு நான் வைப்பது வேறு கணக்கு: 300 படம் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்றால்தான், மொத்தத்தில் பிழை 1 சதவீதத்துக்குக் கீழ் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஒன்று வந்தாலும் தொகுதி நிற்கும்.

தொகுதி தேறவில்லை என்றால் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பிடிபட்ட ஆறு படத்தை மட்டும் மறுபடி எடுத்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆறும் 200-ல் அகப்பட்டவை; பார்க்காத 4,800-ல் அதே விகிதத்தில் இன்னும் 140-க்கு மேல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். தேறாத தொகுதியின் எல்லாப் படத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பணம் கொடுப்பவரோடு போடும் ஒப்பந்தத்தில் இதை முதல் நாளே எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் சண்டை வரும்.

மாதிரியை எடுப்பதில் நேர்மை வேண்டும். முதல் 200 படத்தை எடுப்பது மாதிரி ஆகாது. காலையில் எல்லாரும் நன்றாகத்தான் வேலை செய்வார்கள். கணினியில் குருட்டெண் (எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் எண்) வரவழைத்து எடுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய படங்களில் பிழை கூடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அது ஆபரேட்டரின் குற்றம் அன்று. மூன்று மணி வெக்கையில் யாருக்கும் கை தளரும். அந்த நேரத்தில் வேலையை மாற்றிக் கொடுங்கள், பிழை பாதியாகக் குறையாவிட்டாலும் மனிதர் மிஞ்சுவார்.

ஸ்கேன் செய்தவர் தன் படத்தைத் தானே சோதிக்கக் கூடாது. சோதிப்பவர் படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறு படங்களாக ஓட்டிப் பார்த்தால் மங்கல் தெரியாது. முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது, தெரிந்தே பிழையுள்ள நாலைந்து படங்களைத் தொகுதியில் கலந்து கொடுத்து, அவர் பிடிக்கிறாரா என்று பாருங்கள். முன்கூட்டியே "இப்படிச் செய்வோம்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வேவு பார்ப்பதாக நினைத்துவிட்டால் குழு உடைந்துவிடும்.

ஆறாம் படி: அட்டவணை

படம் நன்றாக இருந்து அட்டவணை தவறினால் அந்தப் பக்கம் இருந்தும் இல்லாததுதான். இங்கே பிழை அதிகம், பிடிப்பது கடினம்.

தமிழ் எண்களில் தொடங்குகிறேன். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல. "௧௪௫/௨அ" என்று இருந்தால் அது 145-இல் 2அ என்ற உட்பிரிவா, 28-ஆ? படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துப் பதிவுகளைப் பாருங்கள்: ௨ஆ என்று அடுத்து வந்தால் உட்பிரிவு, ௨௭, ௨௯ என்று சுற்றி இருந்தால் எண். இரண்டும் இல்லையென்றால் இரண்டு வாசிப்பையும் எழுதி, "ஐயம்" என்று குறியிடுங்கள். ஐயத்தைத் தட்டச்சுக்காரர் தானே தீர்த்து வைக்கக் கூடாது. ௰ (10), ௱ (100), ௲ (1000) வரும் பழைய எழுத்துமுறையையும் சொல்லிக் கொடுங்கள். ௲௯௱௨௰ என்றால் 1920.

௸ என்ற குறியும் "மேற்படி" என்ற சொல்லும் பெரிய பள்ளம். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மேற்படி" என்று எழுதியிருக்கும். தட்டச்சுக்காரர் அப்படியே "மேற்படி" என்று அடித்துவிடுவார். பிறகு யார் தேடினாலும் அந்த ஆள் அகப்பட மாட்டார். இருந்ததை இருந்தபடி ஒரு நிரலிலும், மேலிருந்து இறக்கிய பெயரை அடுத்த நிரலிலும் எழுதுங்கள். அந்தோணி, அந்தோனி, அந்தோணிசாமி என்றும் மரைக்காயர், மரக்காயர் என்றும் வரும் எழுத்து வேறுபாடுகளுக்கும் இதே வழிதான். மூலத்தைத் திருத்தாதீர்கள்.

தேதி அடுத்த பள்ளம். "குரோதி, மார்கழி 8" என்று மட்டும் எழுதியிருக்கும். குரோதி 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 1904-05, 1964-65, 2024-25. பசலி (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) எண் பக்கத்தில் இருந்தால் கை கொடுக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஜூலையின் ஆங்கில ஆண்டு வரும். ஜனவரி முதல் ஜூன் வரைக்கு 591. பசலி 1374 என்றிருந்தால் அது 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை. ஆகவே அந்தக் குரோதி மார்கழி புயல் அடித்த மார்கழி. பசலி 1314 என்றால் 1904. இந்தக் கூட்டலைக் கணினியிடம் கொடுத்து, தமிழ் ஆண்டும் பசலியும் ஆங்கிலத் தேதியும் முரண்படும் வரிகளை எல்லாம் சிவப்பாக்கச் சொல்லுங்கள். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்; அதைக் கூட்டல் கழித்தலில் மாற்ற முடியாது, மாற்றும் நிரலி வேண்டும், அதிலும் ஒரு நாள் முன்பின் வரலாம் என்று குறியுங்கள். ஞானஸ்நானம் பிறப்புக்கு முந்தி இருக்கிறதா, அடக்கம் செய்த பிறகு திருமணம் வருகிறதா என்பது போன்ற சோதனைகளும் இதே இடத்தில்.

பெயர், எண், தேதி மூன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் கணினியில் ஒப்பிடுங்கள். செலவு இரட்டிப்புதான். கையெழுத்துப் பதிவேட்டுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்துணரியை (படத்திலுள்ள எழுத்தைத் தானே படிக்கும் மென்பொருளை) அச்சிட்ட தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கைரேகையும் மூன்று பிரதியும்

சோதனையில் தேறிய ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 குறியெண் எடுத்துப் பட்டியலாக வையுங்கள். கோப்பின் கைரேகை அது. ஒரு பிக்சல் மாறினாலும் எண் முழுக்க மாறும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் எடுத்து ஒப்பிட்டால், எந்த டிஸ்க் அழுகத் தொடங்கியது என்று தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ்ப் படிவத்திலும் இந்தக் குறியெண்ணைக் கேட்கிறார்கள். நிலம், வாரிசு என்று நாளை யாராவது வழக்கு மன்றம் போனால் உங்கள் பட்டியல் தேவைப்படும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். நம் கடற்கரைக்கு வெளியூர் என்றால் மதுரையாவது இருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒரே புயலின் வழியில்.

எட்டாம் படி: திருப்பிக் கொடுத்தல்

நாங்கள் தவறியது இங்கேயும்தான்: படங்களின் மொத்தத்தை ஒப்பிடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டோம். சோதனை முடியும் முன் பதிவேடு திரும்பிப் போகக் கூடாது. படங்களின் மொத்தம் ஒத்துப்போய், கண் சோதனை தேறி, மறுபடி எடுக்க வேண்டியவை எடுத்து முடித்து, மூன்று பிரதியும் எழுதி, குறியெண் ஒப்பிட்ட பிறகு கட்டுங்கள். சொந்தக்காரர் அவசரப்பட்டால் நிலைமையைச் சொல்லி, ஒரு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், கேட்பவர்தான் இல்லை.

கொடுக்கும் நாளில், வாங்கியபோது எண்ணிய சீட்டை வைத்துக்கொண்டு அவர் முன்னால் மீண்டும் ஒரு முறை தாள்களை எண்ணுங்கள். துண்டுச் சீட்டுகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று காட்டுங்கள். அடியில் வைத்த சாம்பல் தாள்கள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. ரசீதில் தாள் எண்ணிக்கை, பட எண்ணிக்கை, பிரியாத தாள்களின் எண்கள், ஐயக் குறிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படங்களின் ஒரு பிரதியைக் கட்டாயம் அவர் கையில் கொடுங்கள். அந்தப் பெரியம்மாவுக்கு 119-ஆம் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்த அன்று, மூன்றாவது வரியில் விரல் வைத்து அவர் அப்பா பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு 118-ஐயும் அச்செடுத்துத் தரக் கேட்டார். அதில் அவர் பெரியப்பா பெயர் இருந்தது.